கொல்லிமலை மிளகும் கோரக்கர் மூலியும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் கொல்லிமலை. தை பிறந்த பிறகு செம்மேடு, சோளக்காடு பக்கம் போகிறவர்களை மிளகு வாசம்தான் முதலில் வரவேற்கும். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிகளிலிருந்து பறித்த சரங்களை உதிர்த்து, வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். பச்சை மணிகள் வெயிலில் சுருங்கிக் கறுக்கும்.

காயாத ஒரு மணியை நகத்தால் கீறி முகர்ந்து பார்க்கலாம். முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற புத்துணர்வான வாசம் எழும்பும். அதன் பின்னாலேயே பைன் மரப் பிசினின் வாடை. இரண்டும் அடங்கிய பிறகு விரலில் தங்கி நிற்பது கிராம்பை நினைவூட்டும் ஒரு கட்டை மணம். எலுமிச்சை வாசத்துக்குக் காரணம் லிமோனீன், பிசின் வாடைக்குப் பைனீன், கடைசியில் நிற்கும் மணத்துக்குப் பீட்டா கேரியோஃபிலின். மூன்றும் டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாக்கில் ஏறும் காரத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. அது பைப்பெரின் என்ற ஆல்கலாய்டின் வேலை.

இதே மூன்று மூலக்கூறுகளும் கஞ்சாச் செடியிலும் இருக்கின்றன. கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிப் பக்கம் கோரக்கர் குகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். அந்தச் சித்தரின் பெயரால் கோரக்கர் மூலி என்று சித்த மருத்துவம் அழைப்பது கஞ்சாவைத்தான். ஒன்று அடுக்களைச் சரக்கு. மற்றொன்றின் பூவும் காயும் கொண்ட நுனிகளை வைத்திருந்தாலே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும். செடியின் கணக்கில் மட்டும் இரண்டின் வாசனைப் பெட்டியும் ஏறக்குறைய ஒன்று.

டெர்பீன்களின் கட்டுமானம் எளிமையானது. ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் என்ற துண்டுதான் அடிப்படை. இரண்டு துண்டு சேர்ந்தால் லிமோனீன், பைனீன், மிர்சீன் போன்றவை. மூன்று சேர்ந்தால் கேரியோஃபிலின், ஹியூமுலீன் வகை. லிமோனீனிலும் பைனீனிலும் மிர்சீனிலும் பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன் என்று அணுக்கணக்கு ஒன்றே. அணுக்கள் கோத்திருக்கும் விதம் மாறுவதால் ஒன்று எலுமிச்சையாகவும் ஒன்று பைன் மரமாகவும் நம் மூக்குக்குத் தெரிகிறது. இரண்டு துண்டுக்காரர்கள் எடை குறைந்தவர்கள், சீக்கிரம் ஆவியாகிவிடுவார்கள். பொடித்து வைத்த மிளகில் சில வாரங்களில் காரம் மட்டும் மிஞ்சி, அந்த முதல் வாசம் காணாமல் போவது இதனால்தான்.

செடி இவற்றை நமக்காகச் செய்வதில்லை. பூச்சியை விரட்ட, மேய வரும் விலங்கின் வாயில் கசக்க, சில சமயம் உதவிக்கு ஆள் கூப்பிட. மக்காச்சோளத்தின் வேரைப் புழு கடிக்கும்போது அந்த வேர் மண்ணுக்குள் கேரியோஃபிலினைக் கசியவிடுகிறது. அந்த வாசம் பிடித்து வரும் நூற்புழுக்கள் கடித்த புழுவைத் தாக்கிக் கொல்கின்றன. 2005இல் நேச்சர் இதழில் இது வெளியானபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. வட அமெரிக்காவில் பயிரிடப்படும் மக்காச்சோள ரகங்கள் பெரும்பாலும் இந்த அழைப்பை விடுக்கும் திறனையே இழந்துவிட்டிருந்தன.

கஞ்சாவில் டெர்பீன்கள் ஊறுவது பூவைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில். போதை தரும் டிஎச்சி ஊறுவதும் அங்கேதான். ஆனால் டிஎச்சிக்கு வாசனை கிடையாது. 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கடைக்காரர்கள் இப்போது டெர்பீன் பட்டியலைக் காட்டித்தான் சரக்கை விற்கிறார்கள். மிர்சீன் மிகுந்தால் தூக்கம், லிமோனீன் இருந்தால் உற்சாகம், பைனீன் நினைவாற்றலுக்கு, லாவண்டரிலும் கொத்தமல்லி விதையிலும் உள்ள லினலூல் மன அமைதிக்கு என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்.

இந்த வாய்ப்பாட்டை அப்படியே நம்பிவிட முடியாது. மாம்பழத்திலும் எலுமிச்சைப் புல்லிலும் இருக்கும் மிர்சீன் தூங்கவைக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, எலிகளுக்கு மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த சோதனைகள். கஞ்சா டெர்பீன்கள் டிஎச்சியோடு கைகோத்து அதன் விளைவை மாற்றுகின்றன என்ற கருத்தை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஈதன் ரூசோ 2011இல் விரிவாக முன்வைத்தார். ஆனால் 2019, 2020இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செல்களில் செய்த சோதனைகளில், டிஎச்சி தன் ஏற்பிகளில் செயல்படும் விதத்தை முக்கிய டெர்பீன்கள் மாற்றவில்லை.

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்கவும் கூடாது. 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 20 பேரிடம் நடத்திய கட்டுப்பாடான சோதனையில், டிஎச்சியோடு லிமோனீனையும் ஆவியாக உள்ளிழுத்தபோது டிஎச்சி கிளப்பும் பதற்றம் குறைந்தது. லிமோனீன் அளவு கூடக் கூட அந்தக் குறைவும் கூடியது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் லினலூல் வாசத்தால் எலிகளின் அச்சம் தணிந்தது. மோப்ப சக்தி இழந்த எலிகளிடம் அது பலிக்கவில்லை. விளைவு மூக்கின் வழியாகவே மூளைக்குப் போகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஏற்பி அளவில் மிகத் தெளிவான சான்று கிடைத்திருப்பது மிளகின் மூலக்கூறுக்குத்தான். நம் உடலில் கஞ்சாப் பொருள்கள் இணையும் ஏற்பிகளில் முக்கியமானவை இரண்டு. முதல் வகை பெரும்பாலும் மூளையில் இருக்கிறது, போதை அதன் வழியாக வருவது. இரண்டாவது வகை பெரும்பாலும் நோய் எதிர்ப்பு செல்களில். சூரிச்சைச் சேர்ந்த யூர்க் கெர்ட்ஷ் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, பீட்டா கேரியோஃபிலின் இரண்டாவது வகையில் மட்டும் இணைகிறது. வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் பாத வீக்கம் வடிந்தது. அந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு வடியவில்லை. மிளகு ரசம் குடித்தவருக்கு ஏன் போதை ஏறுவதில்லை என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. ரசமே மருந்தாகிவிடும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. மனிதர்களில் அளவும் பயனும் இன்னும் நிறுவப்படவில்லை.

மோப்ப நாய்களுக்கும் கஞ்சாவைக் காட்டிக்கொடுப்பது டெர்பீன்தான். காற்றில் கேரியோஃபிலின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து உண்டாகும் கேரியோஃபிலின் ஆக்ஸைடை அவை பிடிக்கின்றன என்று 1970களிலேயே ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். ஆனால் மனிதர்கள் முகம் சுளிக்கும் அந்தக் காட்டமான நெடி டெர்பீனால் வருவதில்லை. மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்கள்தான் அதற்குக் காரணம் என்று தெரிந்ததே 2021இல்தான்.

மிளகும் இப்படி ஒரு ரகசியத்தை நெடுங்காலம் வைத்திருந்தது. மிளகுக்கே உரிய அந்த வாசத்தைத் தருவது எது என்பது 2008வரை சரியாகத் தெரியாது. ஷிராஸ் திராட்சை ஒயினில் மிளகு வாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரோட்டண்டோன் என்ற பொருளைப் பிடித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். வியப்பு என்னவென்றால், சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கலந்தாலும் அது தெரியவேயில்லை. ஒரே மிளகை இரண்டு பேர் முகர்ந்து இரண்டு விதமாகச் சொன்னால் இருவருமே சரியாகச் சொல்லக்கூடும்.

ஆகவே மணத்தை மூக்கை மட்டும் நம்பி மதிப்பிட முடியாது. ஆனால் இன்று மலையிலிருந்து இறங்கும் மூட்டைக்கு விலை வைப்பது லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது, ஈரம் எவ்வளவு, தூசி தும்பு உண்டா என்பதைப் பார்த்துத்தான். ரகம் கரிமுண்டாவா பன்னியூர்-1ஆ, எந்த உயரத்தில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்பதைப் பொறுத்து மிளகின் வாசனை எண்ணெயின் சேர்க்கை மாறும். அதை அளக்கத் தெரிந்த இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் கோழிக்கோட்டில் இருக்கிறது. கனடாவில் ஒரு கிராம் கஞ்சாப் பொட்டலத்தின் மேல் கேரியோஃபிலின் எத்தனை சதவீதம் என்று அச்சடிக்க முடிகிறது என்றால், ஏணி சாத்தி ஓக் மரம் ஏறிப் பறிக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயியின் மிளகுச் சாக்கின் மேலும் அதை அச்சடிக்க முடியும். அந்த எண்ணுக்கும் சேர்த்து அவருக்கு விலை கிடைக்க வேண்டும்.