கூரையின் கீழ்ப் பூக்கும் மிளகாய்

கரிவலம்வந்தநல்லூரில் பூச்சிவலைக் குடில் அமைத்துக் குடைமிளகாய் பயிரிட்டுள்ள அங்கத்தினர் ஒருவர், அண்மையில் என்னிடம் இரண்டு காய்களைக் காட்டினார். இரண்டும் சிறுத்துக் கோணியிருந்தன. "செடியிலும் பூவிலும் குறையில்லை, விதைதான் மோசமோ, ஐயா?" என வினவினார். கடன் பெற்றுக் குடில் அமைத்தவருக்கு இது சிறிய கேள்வியன்று. கோணற்காய்க்குச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதில்லை.

காயை அறுத்துப் பார்த்தோம். பருத்த பக்கத்தில் விதைகள் நிறைந்திருந்தன. சூம்பிய பக்கத்தில் அநேகமாக இல்லை. மகரந்தச் சேர்க்கை அரைகுறையாக நடந்தமைக்கு இதுவே அடையாளம்.

மிளகாய்ப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒருங்கே அமைந்துள்ளன. பூசணியைப்போல அது வேறு பூவை நாட வேண்டுவதில்லை. தன் மகரந்தம் தன் சூல்முடியிற் படிந்தாலே போதும். வெட்டவெளியில் காற்றும் தேனீயும் பூவை அசைத்து இவ்வேலையை முடித்துவிடுகின்றன. நாமோ வலையிட்டு, தீய பூச்சிகளோடு நல்ல பூச்சிகளையும் தடுத்துவிட்டோம். காற்றின் வேகத்தையும் குறைத்துவிட்டோம்.

பெல்ஜியம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல், பம்பிள் எனும் உரோமம் அடர்ந்த பெருந்தேனீயைப் பெட்டிகளில் வளர்த்துக் கண்ணாடிக் குடில்களுக்கு அளித்து வருகின்றனர். அது குளிர்ந்த நாட்டுத் தேனீ. நமது சமவெளிக்கு உரியதன்று.

நமக்கோ எளிய வழி உண்டு. குடிலில் செடிகள், தறியின் பாவு இழைகளைப்போல, மேலிருந்து தொங்கும் கயிறுகளில் கட்டப்பட்டுள்ளன அல்லவா? பூக்கும் பருவத்தில், பனி ஈரம் உலர்ந்த முற்பகல் வேளையில், அக்கயிறுகளைச் சிறு குச்சியால் மெல்லத் தட்டுக. பூ அசையும், மகரந்தம் உதிரும். நாள்தோறும் தட்டுதல் நன்று. செடி முறியுமாறு உலுக்கலாகாது.

வெப்பத்தையும் கவனித்தல் வேண்டும். பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸுக்கு மேற்பட்டால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரக்கூடும். அப்போது எவ்வளவு தட்டினும் பயன் குறைவே. நிழல் வலையும் காற்றோட்டமுமே உதவும். இலையும் சுருண்டிருந்தால் அது இலைப்பேன் முதலியவற்றின் வேலையாக இருக்கலாம். அதற்கு வேறு பரிகாரம் தேடுக.

அந்த அங்கத்தினர் மறுநாளே குச்சியெடுத்துத் தட்டத் தொடங்கினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எனினும் புதிய விதைக்குச் செலவிட எண்ணியிருந்த பணம் அவரிடமே நின்றது. அங்கத்தினர்களே, விதையைக் குறைகூறுமுன் ஒரு காயை அறுத்துப் பாருங்கள்.