எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் திட உணவு: எப்போது, எப்படித் தொடங்க வேண்டும்?

உடல் பருமனைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நுண்துளை முறையில் சிகிச்சை பெறுவோரில் பலர் இரண்டு அல்லது மூன்று நாள்களில் வீடு திரும்புகின்றனர். ஆனால், அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு எதை உண்பது, எவ்வளவு உண்பது, எப்போது திட உணவைத் தொடங்குவது என்ற கேள்விகளை நோயாளியும் குடும்பத்தினரும் நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. இக்காலத்தில் நேரும் தவறுகளால் சிலர் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலையும் ஏற்படுகிறது.

2019-21 ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதத்தினரும், ஆண்களில் 22.9 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். தமிழ்நாட்டில் பெண்களிடையே இது 40.4 சதவீதமாகவும், ஆண்களிடையே 37 சதவீதமாகவும் பதிவாகியுள்ளது. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் பலன் கிடைக்காத கடும் பருமனுக்கு அறுவை சிகிச்சை ஒரு தீர்வாகக் கருதப்படுகிறது.

இரைப்பையில் நிகழும் மாற்றம்

வளர்ந்த ஒருவரின் இரைப்பை உணவு உண்ணும்போது விரிந்து, ஒரு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. இந்தியாவில் அதிகமாகச் செய்யப்படும் 'ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி' என்ற அறுவை சிகிச்சையில், இரைப்பையின் 75 முதல் 80 சதவீதப் பகுதி அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒரு குறுகிய குழாய் போல் ஆக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் இத்துடன் நீங்கிவிடுகிறது. 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' முறையில், இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளளவுள்ள சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது.

இரண்டு முறைகளிலும் வெட்டப்பட்ட இடங்கள் உலோகப் பிணிகளாலும் தையல்களாலும் மூடப்படுகின்றன. அந்த இடங்கள் நன்கு ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். தொடக்க நாள்களில் உள்ளே வீக்கமும் இருக்கும். இந்நிலையில், சரியாக மெல்லப்படாத உணவு உள்ளே சென்றால் குறுகிய பாதையில் சிக்கிக்கொள்ளலாம். கடும் வாந்தி ஏற்பட்டு, ஆறிவரும் தையல் பகுதிக்கு அழுத்தம் உண்டாகலாம். திரவம், கூழ், மென் உணவு, திட உணவு என்று நான்கு படிகளாக உணவு முன்னேறுவதற்கு இதுவே காரணம்.

கீழே தரப்படும் கால அளவு பொதுவானது. அறுவை சிகிச்சையின் வகை, நோயாளியின் உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு மருத்துவமனையும் இதைச் சற்று மாற்றி அமைப்பதுண்டு. சிகிச்சை அளித்த மருத்துவரும் உணவியல் நிபுணரும் எழுதித் தரும் அட்டவணையே இறுதியானது.

முதல் இரண்டு வாரங்கள்: திரவ உணவு

முதல் ஓரிரு நாள்கள் தண்ணீர், வடிகட்டிய பருப்பு நீர், தெளிந்த காய்கறிச் சாறு போன்றவை மட்டுமே வழங்கப்படுகின்றன. அதன்பின் கொழுப்பு நீக்கிய பால், நீர்மோர், வடிகட்டிய சூப், பாலில் கலந்த புரத மாவு ஆகியவை சேர்க்கப்படுகின்றன. சர்க்கரை சேர்த்த பழச்சாறு, குளிர்பானம், சோடா ஆகியவற்றுக்கு இடமில்லை. வாயு நிறைந்த பானங்கள் சிறிய இரைப்பையில் உப்புசத்தையும் வலியையும் ஏற்படுத்துகின்றன.

ஒரு நாளில் 1.5 லிட்டருக்குக் குறையாமல் திரவம் உள்ளே செல்ல வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க இயலாது என்பதால் இது எளிதன்று. 15 நிமிடங்களுக்கு ஒருமுறை 30 மில்லி லிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு பருகினால், விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 1.7 லிட்டர் சேர்ந்துவிடும். உறிஞ்சுகுழல் மூலம் குடித்தால் காற்றும் உள்ளே போகும் என்பதால், அதைத் தவிர்க்குமாறு பலர் அறிவுறுத்துகின்றனர்.

மூன்றாம், நான்காம் வாரங்கள்: கூழ் உணவு

இப்படியில் உணவு கட்டியின்றி, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் இருக்க வேண்டும். நன்கு மசித்த பாசிப்பருப்பு, கெட்டித் தயிர், மிக்சியில் அரைத்த பன்னீர், மசித்த முட்டை, முள் நீக்கி அரைத்த வேகவைத்த மீன் ஆகியவை ஏற்றவை. வட மாநிலங்களில் பருப்பு மிகுதியாகச் சேர்த்துக் குழைய வேகவைத்த கிச்சடியும், பீகார் பகுதிகளில் வறுத்த கொண்டைக்கடலை மாவைச் சலித்துக் கரைத்த கரைசலும் இந்தக் கட்டத்தில் பயன்படுகின்றன.

ஒரு வேளைக்கு நான்கு முதல் ஆறு மேசைக்கரண்டி உணவே போதுமானது. வயிறு நிறைந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகளும் முன்பைப் போல் இருப்பதில்லை. நெஞ்சின் நடுவே ஓர் அழுத்தம், திடீர் விக்கல், மூக்கில் நீர் வடிதல் போன்றவற்றைச் சிலர் உணர்கின்றனர். அந்த நிலையில் உண்பதை நிறுத்த வேண்டும். தட்டில் மீதியிருக்கும் ஒரு கரண்டியையும் உண்டு முடித்தால், வாந்தியில் முடிய வாய்ப்புள்ளது.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: மென் உணவு

கரண்டியால் அழுத்தினால் உடையும் உணவுகள் இப்போது தொடங்குகின்றன. வேகவைத்த முட்டை, மென்மையான பன்னீர் துண்டுகள், ஆவியில் வெந்த மீன், பாசிப்பருப்பு அடை, தோல் நீக்கி வேகவைத்த சுரைக்காய், பூசணி, கேரட், கனிந்த பப்பாளி போன்றவை இதில் அடங்கும். இட்லியைச் சாம்பாரில் நன்கு ஊறவைத்து உண்ணலாம். எனினும், முதலில் புரதம், பின்னர் காய்கறி, இறுதியில் இடமிருந்தால் மட்டுமே தானியம் என்ற வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

புதிய உணவு எதுவாயினும் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் சேர்ப்பது நல்லது. உடல் ஏற்காதது எது என்பதை அப்போதுதான் கண்டறிய இயலும். இன்று ஒத்துக்கொள்ளாத உணவு இரண்டு வாரங்களுக்குப் பின் ஒத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதை நிரந்தரமாக விலக்கத் தேவையில்லை.

ஏழாம் வாரம் முதல்: திட உணவு

ஏழாவது அல்லது எட்டாவது வாரத்தில் வழக்கமான உணவுக்குத் திரும்ப அனுமதி கிடைக்கிறது. ஆனால், இந்தியச் சமையலறைகளில் அன்றாடம் இடம்பெறும் சில உணவுகளே இந்தக் கட்டத்தில் அதிகம் தொல்லை தருகின்றன. சப்பாத்தி, பரோட்டா, ரொட்டித் துண்டு ஆகியவை மெல்லும்போது பசை போன்ற உருண்டையாகின்றன. கெட்டியாக வடித்த சோறும் அடைத்துக்கொள்ளலாம். வறண்ட கோழி இறைச்சி, ஆட்டிறைச்சி, நார் மிகுந்த முருங்கைக்காய், வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவை எளிதில் கரைவதில்லை.

இவற்றை இறுதியில், மிகச் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். ஒவ்வொரு கவளத்தையும் 20 முதல் 30 முறை மென்று, கூழாக்கிய பின்னரே விழுங்க வேண்டும். ஒரு வேளை உணவை 20 முதல் 30 நிமிடங்களில் உண்டு முடிப்பது ஏற்றது. தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே உண்டால், மெல்லுவதிலும் அளவிலும் கவனம் தவறிவிடும்.

திட உணவு தொடங்கியதும் தண்ணீரையும் உணவையும் பிரிக்க வேண்டும். உணவுடன் தண்ணீர் குடித்தால் சிறிய இரைப்பையில் இடம் போதாமல் போகலாம். உணவும் விரைவாகக் கீழிறங்கிவிடலாம். ஆகவே, உண்டு முடித்து 30 நிமிடங்கள் கழித்தே நீர் அருந்துமாறு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

சைவ உணவாளர்களுக்குப் புரதம்

அறுவை சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. புரதம் குறைந்தால் எடை குறைவதில் கொழுப்புடன் தசையும் சேர்ந்து கரைகிறது. புண் ஆறுவதும் தாமதமாகிறது. மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பலருக்கு முடி உதிர்கிறது. விரைவான எடைக் குறைவின் விளைவான இது பெரும்பாலும் தானாகவே சரியாகிறது என்றாலும், புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் நீடிக்கக்கூடும்.

முட்டையும் உண்ணாத ஒருவர் இந்த அளவை எட்டுவதற்குத் திட்டமிடல் வேண்டும். 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், 200 கிராம் தயிரில் 6 கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 கிராம் என்று கணக்கிட்டால் மொத்தம் 47 கிராம் மட்டுமே கிடைக்கிறது. எஞ்சியதை ஈடுகட்டவே புரத மாவு பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கரண்டி மோர்ப்புரத மாவில் பெரும்பாலும் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். வாங்கும்போது சர்க்கரை சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும்.

இனிப்பு உண்டால் என்ன ஆகும்?

பைபாஸ் செய்துகொண்டவர்கள் இனிப்பு மிகுந்த உணவை உண்டால், அது சிறுகுடலுக்குள் வேகமாகச் சென்று நீரை இழுக்கிறது. உண்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் வயிற்றுப் பிடிப்பு, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்படலாம். 'டம்பிங்' என அழைக்கப்படும் இந்நிலையின் இன்னொரு வகை, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குப் பின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, நடுக்கமும் மயக்கமுமாக வெளிப்படுகிறது. ஸ்லீவ் சிகிச்சை பெற்றவர்களிடமும் இது காணப்படுவதுண்டு.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்துக்கொள்வோர், உணவு குறைந்த பின்னும் பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். எனவே, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் இணைப்புப் பகுதியில் புண்ணை உண்டாக்கக்கூடியவை. இவற்றைக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. புகைப்பழக்கமும் அதே ஆபத்தை உண்டாக்குகிறது. மதுவோ முன்பைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கிறது.

வாந்தியை அலட்சியப்படுத்தலாமா?

அவசரமாக உண்டதால் ஒருமுறை வாந்தி வருவது பெரிய பிரச்சினை அன்று. ஒரு வேளை திரவ உணவுக்குத் திரும்பி, மறுவேளை மெதுவாகத் தொடங்கினால் போதும். ஆனால், நாள்தோறும் வாந்தி எடுப்பது முற்றிலும் வேறு நிலை. 'அறுவை சிகிச்சை செய்தால் இப்படித்தான் இருக்கும்' என்று குடும்பத்தினர் பொறுத்திருப்பதே இதில் உள்ள பேராபத்து.

வைட்டமின் பி1 எனப்படும் தையாமினை உடல் நீண்ட நாள் சேமித்து வைப்பதில்லை. கையிருப்பு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கே போதுமானது. தொடர் வாந்தியால் அது தீர்ந்துவிட்டால் மூளை பாதிக்கப்படுகிறது. பார்வை இரட்டையாதல், நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். சிகிச்சை தாமதமானால் நினைவாற்றல் இழப்பு நிரந்தரமாகக்கூடும். இத்தகைய நோயாளிக்குத் தையாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும். ஆகவே, அவசரத்துக்கு அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்துள்ளதை முதலிலேயே தெரிவிப்பது அவசியம்.

முன்பு உண்ண முடிந்த திட உணவு இறங்காமல், பின்னர் கூழும், அதன்பின் தண்ணீரும் இறங்காமல் போவது பாதை சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். எண்டோஸ்கோபி மூலம் பலூனைச் செலுத்தி இதனைப் பெரும்பாலும் விரிவாக்க முடியும்.

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

• காய்ச்சல், கடும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி
• ஓய்வில் இருக்கும்போதும் நிமிடத்துக்கு 120-க்கு மேல் இதயத் துடிப்பு
• மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• தண்ணீர் கூட தங்காத நிலை, சிறுநீர் மிகக் குறைதல்
• கருநிற மலம் அல்லது இரத்த வாந்தி

வாழ்நாள் முழுவதும் மாத்திரைகள்

உணவு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் நுண்சத்துகள் போதுமான அளவு கிடைப்பதில்லை. பல்சத்து மாத்திரை, வைட்டமின் பி12, வைட்டமின் டி, நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லி கிராம் கால்சியம், இரும்புச்சத்து ஆகியவை தேவைப்படுகின்றன. கால்சியம் இரும்பு உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எடை குறைந்து உடல்நலம் சீராகிவிட்டது என்று கருதி இரண்டாம் ஆண்டில் மாத்திரைகளை நிறுத்துவோருக்கு இரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் ஏற்படலாம். குழந்தை பெற விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

விருந்தும் விரதமும்

திருமண வீட்டில் இலையில் மீதம் வைப்பதும், உறவினர் அன்புடன் நீட்டும் இனிப்பை மறுப்பதும் நமது சமூகத்தில் எளிதன்று. 'ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்' என்ற வற்புறுத்தல், ஐந்தாவது வாரத்தில் இருக்கும் நோயாளிக்கு உண்மையிலேயே கேடு விளைவிக்கும். இதனால், உணவியல் நிபுணரைச் சந்திக்கும்போது வீட்டில் சமைப்பவரும் உடன் இருப்பது பயனளிக்கும்.

ஏகாதசி, நவராத்திரி, ரமலான் போன்ற காலங்களில் விரதம் அல்லது நோன்பு இருக்க விரும்புவோர் மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும். சிறுகச் சிறுக நாள் முழுவதும் நீர் பருக வேண்டிய ஒருவர், தண்ணீரின்றிப் பல மணி நேரம் இருந்துவிட்டுப் பின்னர் அதை ஈடுசெய்ய முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொடக்க மாதங்களில் இத்தகைய விரதத்தைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. அடுத்தடுத்த ஆண்டுகளில், உடல்நிலையையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார்.