கைவிடப்பட்ட தோட்டம் மீண்டும் காடாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? மாஞ்சோலை எழுப்பும் கேள்வி

கல்லாறு (திருவனந்தபுரம்): பொன்முடி மலைச்சாலையில் அமைந்துள்ள கல்லாறு, அகத்தியமலைத் தொடரின் மேற்கு அடிவாரத்தில் காடும் தோட்டமும் அடுத்தடுத்துக் காணப்படும் பகுதி. இங்கு சாகுபடி நின்றுபோன நிலத்தில் ஓரிரு மழைக்காலங்களிலேயே பசுமை படர்ந்துவிடும். ஆனால், அந்தப் பசுமை காடாகிவிடுமா?

இதே மலைத்தொடரின் தமிழகப் பகுதியில் உள்ள மாஞ்சோலையில் இக்கேள்வி இப்போது நேரடியாக எழுந்துள்ளது. 1929-ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீன், சுமார் 8,373 ஏக்கர் வனநிலத்தை பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்கு அளித்தது. குத்தகை 2028-இல் முடிவடையும் நிலையில், 2024-இல் தேயிலைத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் மலையிறங்க வேண்டிய நிலை உருவானது.

முதலில் வருபவை எவை?

கைவிடப்பட்ட நிலத்தில் புற்களும் பெரணிகளும் முதலில் முளைக்கின்றன. உண்ணிச்செடி போன்ற அயல் களைகளும் உடன் வருகின்றன. அடுத்து, நேரடி வெயிலில் வேகமாக வளரும் வட்டக்கண்ணி போன்ற முன்னோடி மரங்கள் தலைதூக்குகின்றன. இவற்றின் நிழலில் மண் குளிர்ந்து, இலைச்சருகு மட்கி, ஈரம் தங்குகிறது. அதன் பின்னரே நிழலில் வளரும் மழைக்காட்டு மரங்களுக்கு இடம் கிடைக்கிறது.

விதை எங்கிருந்து வரும்?

முன்னோடி மரங்களின் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியவை. மழைக்காட்டின் பெருமரங்கள் பலவற்றின் விதைகளோ சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடுகின்றன. ஆகவே, நூறாண்டு தேயிலை பயிரிடப்பட்ட மண்ணில் பழைய காட்டின் விதை எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. அருகிலுள்ள காட்டிலிருந்து இருவாச்சி, மரநாய், பழந்தின்னி வௌவால் போன்றவை கொண்டுவந்தால்தான் உண்டு.

இவ்வகையில் மாஞ்சோலைக்கு ஒரு சாதகம் உள்ளது. களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம் அதனைச் சூழ்ந்துள்ளது. காக்காச்சி பகுதியில் வெடிப்பலா மரங்கள் நிறைந்த பசுமைமாறாக் காடு இன்றும் நிலைத்துள்ளது.

தடைகள் என்ன?

கவாத்து செய்யாமல் விடப்படும் தேயிலைச் செடிகள் மரங்களாக உயர்ந்து அடர்ந்துவிடும். அவற்றின் கீழ் பிற நாற்றுகள் எளிதில் எழுவதில்லை. அயல் மரங்களும் ஆபத்தானவை. வயநாடு சரணாலயத்தில் நிழலுக்காக நடப்பட்ட மஞ்சள்கொன்றை பெருகி, உள்ளூர்த் தாவரங்களை நெருக்கித் தள்ளியுள்ளது. வெளிப்பார்வைக்குப் பசுமையாகத் தெரியும் அந்த இடத்தில் மானுக்கும் யானைக்கும் தீவனம் குறைகிறது.

எவ்வளவு காலம்?

அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மீண்டெழுந்த வெப்பமண்டலக் காடுகளை ஆராய்ந்து 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, மண்வளம் சுமார் 10 ஆண்டுகளில் மீள்வதாகக் கண்டறிந்தது. பழைய மர இனங்களின் கலவையும் மரங்களின் மொத்த எடையும் முழுமையாக மீள 120 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படும்.

மனித உழைப்பு இக்காலத்தைக் குறைக்க உதவும். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் களைகளை அகற்றி உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு வருகிறது. அவ்வாறு பராமரிக்கப்பட்ட இடங்களில், சும்மா விடப்பட்ட இடங்களைவிட மர இனங்களும் கார்பன் சேமிப்பும் விரைவாக அதிகரித்துள்ளன.

எனவே, தோட்டத்தை மூடுவது மட்டுமே காட்டை மீட்டுத் தராது. மணிமுத்தாறுக்கு நீர் தரும் இச்சரிவுகளில் களை அகற்றவும், நாற்றங்கால் அமைக்கவும், கன்றுகளைப் பேணவும் பல ஆண்டுகளுக்கு ஆட்கள் தேவை. அந்த மண்ணின் ஒவ்வொரு சரிவையும் அறிந்தவர்கள், அங்கிருந்து வெளியேறும் தொழிலாளர்களே.