இதுவரை பதிவாகாத இடங்களில் காணப்படும் மண்புழுக்கள்

ஐப்பசி மழையில் மண் நன்றாய் ஊறியபின், வரப்போரங்களிலும் கொல்லைகளிலும் எருக்குழிகளின் அருகிலும் மண்புழுக்கள் மேலெழுவதை ஒவ்வொரு குடியானவரும் கண்டிருப்பர். நாங்கூழ் என்று பழந்தமிழில் வழங்கும் இப்பிராணி மண்ணைத் தின்று, துளைத்து, கழிவாய் மேலே தள்ளி நிலத்தைப் பொலபொலப்பாக்குகிறது. இவ்வேலையின் அளவைச் சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் 1881-ஆம் வருஷத்தில் ஒரு தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். அது முதல் மண்புழு உழவனின் துணைவன் என்னும் கொள்கை எங்கும் பரவிற்று.

ஆயின், மண்புழு என்பது ஒரே ஜாதிப் பிராணி அன்று. உடல் முழுதும் வளையம் வளையமாய் அமைந்த இவ்வகைப் புழுக்களில் இந்தியாவில் மாத்திரம் நானூறுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சில இனங்கள் சருகின் அடியிலேயே வசிக்கும். சில மேல்மண்ணில் உலவும். வேறு சில ஆழமாய் வளை தோண்டும். ஒவ்வொன்றின் உணவும் தொழிலும் வேறு. ஆகவே, ஓர் இனம் அதற்குமுன் கண்டறியப்படாத ஒரு பிரதேசத்தில் தோன்றுமானால், அது அவ்விடத்து மண்ணுக்கு நன்மையா, தீமையா என்னும் கேள்வி எழுகின்றது. இக்கேள்விக்கு விடை காண்பதில் நிலத்தை நாள்தோறும் பார்க்கும் குடியானவருக்கே முதற்பங்கு உண்டு.

பதிவின்மை வேறு, இன்மை வேறு

ஓரினம் ஒரு ஜில்லாவில் புதிதாய்க் காணப்பட்டதென்றால் அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஒன்று, அப்புழு வேற்றிடத்திலிருந்து அண்மையில் வந்து குடியேறியிருத்தல். மற்றொன்று, அது ஆதிமுதல் அங்கேயே இருந்தும், ஒருவரும் தோண்டிப் பார்த்து எழுதிவையாமலிருத்தல். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் புதிய புழுவைக் கண்டவுடன் அஞ்சுவதும் தவறு, கொண்டாடுவதும் தவறு.

இந்தியாவின் மண்புழுக்களைக் குறித்து ஜான் ஸ்டீபென்ஸன் என்பவர் 1923-ஆம் வருஷத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நாளில் சேகரிக்கப்பட்ட புழுக்கள் பெரும்பாலும் நகரங்கள், மலைவாசஸ்தலங்கள், இருப்புப்பாதை செல்லும் ஊர்கள் ஆகியவற்றின் அருகே கிடைத்தவை. சேகரிப்போர் போகாத ஊர்ப் புழுக்கள் நூலில் ஏறவில்லை. ஆதலால் ஒரு தாலுகாவின் பெயர் ஜாபிதாவில் இல்லாமை அவ்விடத்தில் புழு இல்லாமைக்குச் சாட்சி ஆகாது.

வந்த புழுவையும் இருந்த புழுவையும் பிரித்தறியச் சில குறிகள் உண்டு. பூர்வீகப் புழு காடு, மேய்ச்சல் நிலம், பழைய தோப்பு முதலிய கலையாத இடங்களிலும் காணப்படும். அதன் உறவினங்களும் அண்டையில் வசிக்கும். வந்தேறிய புழுவோ முதலில் நாற்றுப்பண்ணை, பூங்கா, தோட்டப்பயிர் நிலம், சாலையோரம், ஆற்றங்கரை முதலிய மனிதர் நடமாட்டமுள்ள இடங்களிலேயே தென்படும். அதற்கு நெருங்கிய உறவினங்கள் அப்பிரதேசத்தில் இரா. இக்காலத்தில் புழுவின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் இதற்குப் பெரிதும் உதவுகின்றது.

கடல் கடந்த வழி

மண்புழு தானே நகர்ந்து செல்லும் தூரம் மிகச் சிறிது. வட அமெரிக்கக் காடுகளில் அளந்து பார்த்தபோது, புழுக்கள் பரவும் எல்லை வருஷத்துக்கு 5 முதல் 10 மீட்டர் அளவே முன்னேறிற்று. உப்புநீர் பெரும்பாலான மண்புழுக்களுக்கு நஞ்சாகும். ஆதலின் ஒரே இனம் கடலின் இரு கரையிலும் காணப்படின், அதனை மனிதரே கொண்டுசென்றனர் என்று கொள்ளுதல் பொருந்தும். செடியின் வேரைப் பற்றிய மண்ணே அதன் வாகனம். சென்ற நூற்றாண்டுகளில் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றிய மண்ணும், கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணோடு அனுப்பிய செடிகளும் எண்ணிறந்த புழுக்களையும் முட்டைக்கூடுகளையும் தேசாந்தரம் சேர்த்தன. லண்டனை அடுத்த க்யூ தாவரத் தோட்டத்துக்கு வந்த செடிகளின் மண்ணிலிருந்து பெட்டார்ட் என்னும் அறிஞர் பல அயல்நாட்டுப் புழுக்களைப் பெற்று ஆராய்ந்தார்.

இவ்வகையில் தமிழ்நாட்டுக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. நஞ்செய்க் கரைகளிலும் தோட்டங்களிலும் சாதாரணமாய்க் கிடைக்கும் மண்புழுவுக்கு லாம்பிட்டோ மாரீட்டி என்பது சாஸ்திரப் பெயர். இதில் மாரீட்டி என்னும் சொல் மொரீஷியஸ் தீவைக் குறிக்கும். 1860-களில் ஸ்வீடன் தேசத்து கின்பெர்க் இதனை முதன்முதல் வருணித்தபோது, அவருக்குக் கிடைத்த புழு மொரீஷியஸிலிருந்து வந்தது. இதன் தாயகமோ தென்னிந்தியா. செடிகொடிகளோடு கடல் கடந்து சென்ற புழு, சென்ற இடத்தின் பெயரையே ஏற்றுக்கொண்டது. முதலில் பதிவான இடம் பிறந்த இடமாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை என்று இதனால் விளங்கும்.

துடைப்ப வால் புழு

உலகின் வெப்ப மண்டலங்களில் மிகப் பரவலாய்க் குடியேறிய மண்புழு பாண்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் என்பது. இதன் தாயகம் தென்னமெரிக்காவின் வடபகுதியிலுள்ள கயானா மேட்டுநிலம் என்று கருதப்படுகிறது. பிரேஸில் தேசத்தின் தென்பாகத்தில் வசித்த பிரிட்ஸ் முல்லர் இதனை 1857-ஆம் வருஷத்தில் வருணித்தார். கோரெத்ரூரஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் துடைப்ப வால் என்று பொருள். வால்பக்கத்து வளையங்களில் நுண்ணிய முட்கள் பெரிதாகி, ஒன்றுவிட்டு ஒன்று மாறி நிற்பதால், பூதக்கண்ணாடியில் பார்க்குங்கால் அப்பகுதி துடைப்பம்போல் தோன்றும்.

ஸ்டீபென்ஸனின் 1923-ஆம் வருஷத்து நூலிலேயே இப்புழு இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் திரிபுரா ராஜ்யத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆராய்ந்தபோது, மற்றெல்லாப் புழுக்களிலும் இதுவே மிகுந்திருக்கக் கண்டனர். இதன் வெற்றிக்குக் காரணம் இரண்டு. முதலாவது, இணை சேராமலே இது முட்டையிட்டு விருத்தியாக வல்லது. ஆதலின் ஒரு தொட்டிச் செடியின் மண்ணில் ஒளிந்த ஒரு புழுவோ ஒரு முட்டைக்கூடோ புதிய குடியேற்றத்துக்குப் போதும். இரண்டாவது, சத்துக் குறைந்த மண், அமில மண், வெட்டித் திருத்திய நிலம் யாவற்றிலும் இது தாக்குப்பிடிக்கும்.

ஒரே புழு, இருவேறு பலன்

பிரேஸிலில் மனௌஸ் நகருக்கு அருகே அடர்ந்த காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கினர். யந்திரங்களாலும் மாடுகளின் குளம்புகளாலும் மண் இறுகிற்று; காட்டில் வசித்த பலவகை மண்புழுக்களும் பிற மண்வாழ் ஜந்துக்களும் அருகிப்போயின. அவ்விடத்தை இந்த ஒரே புழு பிடித்துக்கொண்டது. 1999-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியின்படி, அந்நில ஜந்துக்களின் மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு இதுவே இருந்தது; ஹெக்டேருக்கு 100 டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண்ணை, அஃதாவது ஏக்கருக்குச் சுமார் 40 டன், மேலே தள்ளிற்று. அக்கழிவு மண் மழைக்காலத்தில் குழம்பாகி நிலத்தின் வாயை அடைத்தது. நீரும் காற்றும் உட்புகவில்லை. கோடையில் அதுவே கட்டியாய் இறுகிப் பாளம் பாளமாய் வெடித்தது. புல் மடிந்தது.

ஆயினும் குற்றம் முழுதும் புழுவினுடையதன்று. இறுகிய அம்மண்ணைப் பெயர்த்தெடுத்துப் பலவகை ஜந்துக்கள் வாழும் காட்டில் வைத்தபோது, ஒரு வருஷ காலத்தில் அது மீண்டும் பொலபொலப்பை அடைந்தது. ஒரு புழு கட்டியாக்கும் மண்ணை வேறு ஜந்துக்கள் உடைக்கின்றன. உடைப்பவை ஒழிந்தபின் கட்டுபவை மாத்திரம் மிஞ்சுமாயின் நிலம் கெடுகின்றது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1990-களில் தமிழ்நாட்டு மலைத் தேயிலைத் தோட்டங்களில் செடி வரிசைகளுக்கிடையே குழி வெட்டி, கவாத்துத் தழையும் எருவும் இட்டு, இப்புழு உள்ளிட்ட மண்புழுக்களை விட்டுப் பார்த்தனர். அங்கே தேயிலை மகசூல் உயர்ந்தது. தழையும் எருவும் தாராளமாய்க் கிடைத்த இடத்தில் நன்மை செய்த புழுவே, அவை இல்லாத இடத்தில் நிலத்தை இறுக்கியது.

பிற தேசத்து அனுபவம்

வட அமெரிக்காவின் வடபகுதியில், பனிப்பாறைகள் சுமார் 11,000 வருஷங்களுக்கு முன் விலகியபின், காடுகள் மண்புழு இன்றியே வளர்ந்தன. ஐரோப்பியர் குடியேறியபோது செடிகளோடும் கப்பல் மண்ணோடும் அவர்தம் நாட்டுப் புழுக்களும் வந்தன. தூண்டில்காரர் மீதமான இரைப்புழுக்களை ஏரிக்கரைகளில் கொட்டியதால் அவை மேலும் பரவின. அப்புழுக்கள் காட்டின் தரையை மூடியிருந்த சருகுப் படுகையைத் தின்று தீர்க்க, அதில் முளைக்கும் இளஞ்செடிகள் குறைந்தன. வயலில் உபகாரியான பிராணி அங்கே அபகாரி ஆயிற்று. மேலும், ஆசியாவின் கிழக்குத் தேசங்களைச் சேர்ந்த துள்ளும் புழுக்கள் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் 2013-ஆம் வருஷத்தில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டன. இவை மேல்மண்ணைக் காப்பிக்கொட்டைத் தூள்போல் உதிர்த்துவிடுகின்றன.

நியூஸிலாந்து தேசத்திலோ இதற்கு மாறான பலன் விளைந்தது. அங்கே விதைத்த புதிய மேய்ச்சல் நிலங்களில் பூர்வீகப் புழுக்கள் நிலைக்கவில்லை. பல இடங்களில் மக்காத புல் மெத்தைபோல் படிந்து கிடந்தது. அத்தேசத்து விவசாயி ஒருவர் தமது நிலத்தில் சில திட்டுகள் மாத்திரம் பசுமையாய் இருத்தலைக் கவனித்துத் தோண்டிப் பார்க்க, அங்கே ஐரோப்பிய மண்புழுக்கள் இருக்கக் கண்டார். அப்புல் மண்ணை வெட்டி எடுத்து மற்ற இடங்களில் பதித்தார், பசுமை பரவிற்று. பிற்பாடு விஞ்ஞானிகள் அதனைச் சோதித்து உறுதிசெய்தனர். கண்டுபிடித்தவர் கையில் மண்வெட்டியைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை.

வயலில் அடையாளம் காணுதல்

முதிர்ந்த புழுவின் முன்பாகத்தில் தடித்த பட்டை ஒன்று இருக்கும். பட்டை இல்லாத இளம்புழுவைக் கொண்டு இனம் கூற இயலாது. நாட்டு லாம்பிட்டோ புழு சுமார் 8 முதல் 21 சென்டிமீட்டர் நீளமுள்ளது; அதன் பட்டை 14-ஆம் வளையம் முதல் 17-ஆம் வளையம் வரை மோதிரம்போல் உடலை முழுதும் சுற்றியிருக்கும். துடைப்ப வால் புழுவின் பட்டை ஏறக்குறைய 15-ஆம் வளையம் முதல் 22-ஆம் வளையம் வரை குதிரைச் சேணம்போல் முதுகிலும் பக்கங்களிலும் படிந்து அடிப்பக்கம் திறந்திருக்கும். உடல் வெளிறியும் தலைப்பக்கம் இளஞ்சிவப்பாயும் தோன்றும். மண்புழு உரம் செய்வோர் வளர்க்கும் யூட்ரிலஸ் யூஜீனியே ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. செந்நிறமும் ஊதா மினுமினுப்பும் உடையது. ஐஸீனியா ஃபெட்டிடா ஐரோப்பாவினது. சிவப்பும் மஞ்சளுமான வரிகள் உடையது. இவை முதற்குறிகளே. முடிவான தீர்ப்புக்குப் புழுவை அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்த்தல் வேண்டும்.

சேகரித்து அனுப்பும் முறை

1. மழைக்காலத்தில், மண் ஈரமாயிருக்கும்போது, 25 சென்டிமீட்டர் சதுரமும் 30 சென்டிமீட்டர் ஆழமுமுள்ள குழி வெட்டி, மண்ணைக் கோணியில் பரப்பிக் கையால் பொறுக்க வேண்டும். வயலின் நடு, வரப்பு, எருக்குழி ஓரம், தோப்பு என நாலைந்து இடங்களில் இவ்வாறு செய்தல் நன்று.

2. பட்டையுள்ள புழுக்களை நீரில் கழுவி, ஒரு தட்டிலிட்ட நீரில் சாராயச் சத்தைத் துளித்துளியாய்ச் சேர்த்து மயங்கச் செய்து, நேராய் நீட்டி வைக்க வேண்டும்.

3. பின்னர் அவற்றைக் கடுஞ் சாராயச் சத்தில் இட வேண்டும். மரபணுச் சோதனைக்குரிய புழுவைப் பார்மலினில் இடலாகாது.

4. ஊர், தாலுகா, சர்வே நெம்பர், தேதி, பயிர், மண்ணின் வகை, ஆழம் ஆகியவற்றைக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். மை கரைந்துபோகும். இடமும் தேதியும் இல்லாத புழு எவருக்கும் பயன்படாது.

5. வெளியூர் நாற்று, தொட்டிச் செடி, வண்டல், எரு ஆகியவை அந்நிலத்துக்கு வந்ததுண்டா என்பதையும் குறிக்க வேண்டும்.

இவ்வாறு சேகரித்தவற்றை அருகிலுள்ள விவசாயக் கல்லூரி மூலமாகவோ, 1916-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் சென்னைக் கிளைக்கோ சேர்ப்பிக்கலாம்.

குடியானவரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

புதிய புழுவைக் கண்டவுடன் மருந்து தெளித்தல் கூடாது. அதனால் நாட்டுப் புழுக்களே முதலில் மடியும். விலை கொடுத்து வாங்கிய உரப்புழுக்களை வயலில் விடுதல் பெரும்பாலும் வீண் செலவாகும். அவை மக்கும் தழையில் வாழ்பவை, வறண்ட வயல்மண்ணில் நிலைத்தல் அரிது. உரம் செய்ய விரும்புவோர்க்கு லாம்பிட்டோ, பெரியோனிக்ஸ் முதலிய நாட்டுப் புழுக்களே உதவும். தூரதேசத்து நாற்றுகளை நடுமுன் வேர்மண்ணைச் சோதித்தலும், தூண்டிலில் மீந்த புழுக்களைக் கரையில் கொட்டாதிருத்தலும் நலம்.

மழை நின்றபின் ஒரு நிலத்தில் மாத்திரம் நீர் தேங்கி, மேல்மண் கழிவுக் கட்டிகளால் மூடி இறுகுமாயின், அந்நிலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒரே வகைப் புழு மிகுந்து மற்றவை இல்லாதிருப்பின் அதனைத் தெரிவிப்பது கடமை. அவ்விடத்துக்குத் தழையெருவும் சருகும் தாராளமாய் இட்டு, பலவகை ஜந்துக்கள் மீளுமாறு செய்வதே முதற்பரிகாரம். எந்தப் புழு எங்கிருந்து வந்ததென்பதை ஆராய்ச்சியாளர் தீர்மானிப்பர். எந்த வயலில் எந்நாளில் காணப்பட்டதென்பதை நிலத்துக்குரியவரே கூற முடியும்.