ஒரு மணி நேரம் பறந்தா 15 டாலர் உண்டியலில்: குட்டி விமானத்தின் பராமரிப்புக் கணக்கு

சிங்கிங் ஃபண்ட் பற்றிய வீடியோவில், சொந்தமா சின்ன விமானம் வெச்சிருக்கிறவங்க எப்படிக் காசு ஒதுக்குறாங்கன்னு ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தேன். அது பத்தலை, அதனால இங்கே விரிவா எழுதுறேன். "பைக் இஎம்ஐ-யே இன்னும் முடியல, விமானம் எதுக்கு சார்?"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா, தேய்மானத்தை மணிக்கணக்கில் அளந்து, தேயும்போதே அதுக்கான காசை எடுத்து வைக்கிற பழக்கத்தை இவங்ககிட்ட பார்க்கிற அளவுக்கு நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பழைய குட்டி விமானம் வெச்சிருக்கிற எல்லாரும் கோடீஸ்வரர்கள் இல்லை. மாதச் சம்பளக்காரங்க மூணு நாலு பேர் சேர்ந்து ஒரு விமானத்தைப் பங்கு போட்டு வாங்குறது அங்கே சாதாரணம். பெரும்பாலும் செஸ்னா 172 மாதிரி ஒண்ணைத்தான் வாங்குவாங்க. நாலு சீட், ஒரு எஞ்சின். 1956-ல் விற்பனைக்கு வந்த மாடல், இதுவரை 44,000-க்கும் மேல் தயாரிச்சிருக்காங்க. 1970-களில் செஞ்ச வண்டிகள் இன்னைக்கும் பறக்குது. வயசான வண்டி, அளவான சம்பளம். அதனாலதான் இவங்க கணக்கு நமக்கு உபயோகப்படுது.

முதல்ல பெரிய செலவு, எஞ்சின். 172-ல் பரவலா இருக்கிற லைகமிங் எஞ்சின்களில் பலவற்றுக்கு, 2,000 மணி நேரம் ஓடினதும் அல்லது 12 வருஷம் ஆனதும், எது முதலில் வருதோ அப்போ முழுசா பிரிச்சு ஓவர்ஹால் பண்ணச் சொல்லுது கம்பெனி. கணக்குக்காக ஓவர்ஹால் செலவு 30,000 டாலர்னு வெச்சுக்குவோம். 2,000-ஆல் வகுத்தா மணிக்கு 15 டாலர். ஒவ்வொரு தடவை பறந்து இறங்கினதும், ஓடின மணி நேரத்தைப் பார்த்து அந்தத் தொகையைத் தனி அக்கவுண்டில் போட்டுடணும். பெட்ரோல் காசு மாதிரிதான், கொடுக்க வேண்டிய தேதி மட்டும் தள்ளி இருக்கு.

இதில் பலர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. சொந்தமா வெச்சிருக்கிறவர் வருஷத்துக்கு 80 மணி நேரம் பறக்கிறார்னு வைங்க. 12 வருஷத்தில் 960 மணி நேரம்தான் ஆகும். உண்டியலில் 14,400 டாலர் இருக்கும். மணிக்கணக்குல பாதி கூட வரல, ஆனா காலண்டர் கணக்கு முடிஞ்சுபோச்சு! வருஷக் கணக்கில் பார்த்தா 30,000-ஐ 12-ஆல் வகுக்கணும். வருஷத்துக்கு 2,500, மாசத்துக்கு 208 டாலர் சுமார். மூணு பங்காளி இருந்தா தலைக்கு 70. தனியார் உபயோகத்துக்கு இந்த 12 வருஷம் சட்டப்படி கட்டாயம் இல்லை. எஞ்சின் நல்லா இருந்தா மேலேயும் ஓட்டலாம், பலர் ஓட்டுறாங்க. ஆனா காசு ஒதுக்கும்போது ரெண்டு கணக்குல எது பெருசோ அதை எடுத்துக்கோங்கன்னுதான் நான் சொல்வேன்.

ஏற்கெனவே 1,200 மணி நேரம் ஓடின எஞ்சினோட விமானம் வாங்குறவர் இன்னும் கவனமா இருக்கணும். மிச்சம் 800 மணி நேரத்துக்கு மணிக்கு 15 வீதம் சேர்த்தா 12,000 தான் வரும். பாக்கி 18,000 டாலர் தேய்மானம் பழைய ஓனர் அனுபவிச்சது. அதை வாங்கும்போதே விலையில் குறைச்சுக்கணும். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கும்போது பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறோமே தவிர, இந்தக் கழித்தலை நாம போடுறதே இல்லை.

காசு இருந்தாலும் வேலை கஷ்டமா இருந்தா மனுஷன் தள்ளிப் போடுவான். ஆயில் மாத்துறதையே எடுத்துக்கோங்க. ஃபில்டர் உள்ள எஞ்சின்னா 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்லைன்னா நாலு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லுது லைகமிங். பழைய முறையில் அடியில இருக்கிற பூட்டுக் கம்பியை வெட்டி, ப்ளக்கைக் கழட்டினா, சுமார் ஏழரை லிட்டர் சூடான கறுப்பு ஆயில் கை, சட்டை, முன்சக்கரம் எல்லாத்துலயும் வழியும். அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கலாம்னு தோணுமா தோணாதா?

இதுக்கு 'குயிக் ட்ரெய்ன்' வால்வுன்னு ஒண்ணு இருக்கு. ப்ளக் இருக்கிற இடத்தில் இதைப் போட்டுட்டா, ஒரு ஹோஸை மாட்டி, மேலே அமுக்கித் திருப்பினா போதும், ஆயில் நேரா வாளிக்குப் போயிடும். அந்த எஞ்சினுக்கு அனுமதி உள்ள வால்வான்னு பார்த்து, மெக்கானிக்கிட்ட சொல்லிப் போட்டுக்கணும், அவ்வளவுதான். கூடவே ஹேங்கர்ல ஒரு பெட்டியில் அடுத்த தடவைக்கான ஆயில், ஃபில்டர், பூட்டுக் கம்பி, புனல் எல்லாம் தயாரா இருந்தா பாதிச் சோம்பேறித்தனம் போயிடும்.

இதை விமானியே செய்யலாமா? அமெரிக்காவில் செய்யலாம். பார்ட் 43 விதியின் பின்னிணைப்பு ஏ-ல் 'தடுப்புப் பராமரிப்பு'ன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஆயில் மாத்துறது, டயர், ஸ்பார்க் ப்ளக், பேட்டரி, லேண்டிங் லைட் பல்பு இதெல்லாம் அதில் வரும். பிரைவேட் பைலட் லைசென்ஸ் வெச்சிருக்கிற ஓனர் தன் விமானத்தில் இவற்றைச் செஞ்சு, என்ன செஞ்சோம், எந்தத் தேதி, கையெழுத்து, லைசென்ஸ் நம்பர், எந்த வகை லைசென்ஸ்னு லாக்புக்கில் எழுதணும். லேபர் மிச்சம் ஒரு பக்கம். எஞ்சின் மூடியைக் கழட்டின கையோட எங்கே ஆயில் கசியுது, எந்த ஹோஸ் உரசுதுன்னு அவர் கண்ணுலேயே படும், அது இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டாவதுதான் பெரிய லாபமாத் தெரியுது.

கழட்டின ஃபில்டரைத் தூக்கிப் போடக் கூடாது. அறுத்து, மடிப்பை விரிச்சு உலோகத் துகள் இருக்கான்னு பார்க்கணும். ஆயில் சாம்பிளை லேபுக்கும் அனுப்பலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டில் பெருசா ஒண்ணும் தெரியாது. அஞ்சாறு ரிப்போர்ட்டை வரிசையா வெச்சுப் பார்த்தா இரும்பு அளவு ஏறுதான்னு தெரியும். ஒரு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை வெச்சு உங்க செலவுப் பழக்கத்தை நான் சொல்ல முடியாது இல்லையா, அதே கதைதான்.

செலவு மிச்சம்னு விமானத்தை மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கிறது மோசமான சிக்கனம். லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் எஞ்சினுக்கு மேல்பக்கம் இருக்கு. ஓடாம நின்னா ஆயில் வழிஞ்சு இறங்கி, ஈரம் பட்டுத் துரு ஏறும். அதுக்காக அளவுக்கு மீறிக் கழட்டி மாட்டுறதும் தப்பு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் லிபரேட்டர் விமானங்களை ஆராய்ந்த வாடிங்டன், 50 மணி நேர சர்வீஸ் முடிஞ்ச உடனேதான் எதிர்பாராத பழுதுகள் அதிகமா வந்து, பிறகு குறையுதுன்னு கண்டுபிடிச்சார். நல்லா ஓடுறதை நோண்டினா கெடும்னு நம்ம வீட்டுப் பெரியவங்க மிக்ஸிக்குச் சொல்றதுதான்.

கடைசியா வருடாந்திர சோதனை. 12 மாசத்துக்கு ஒரு தடவை, அதுக்கான தனி அங்கீகாரம் உள்ள மெக்கானிக் செய்யணும். மார்ச் 5-ல் முடிச்சா அடுத்த வருஷம் மார்ச் 31 வரை செல்லும். பில் எகிறுறது இங்கேதான். சோதனை வேற, ரிப்பேர் வேற. முதல்ல சோதனையை மட்டும் முடிச்சு, குறைகளோட பட்டியலையும் ஒவ்வொண்ணுக்கும் எஸ்டிமேட்டையும் எழுத்தில் வாங்கணும். அப்புறம் பிரிக்கணும். அரசு விமானத் துறை உத்தரவு போட்ட வேலைகள் கட்டாயம், பேச்சே இல்லை. பாதுகாப்பைத் தொடுறதும் அப்படியே. கம்பெனி அனுப்புற சர்வீஸ் புல்லட்டின் தனியார் விமானத்துக்குப் பெரும்பாலும் ஆலோசனைதான், மெக்கானிக்கோட பேசி முடிவு பண்ணலாம். சீட், தரைப்பலகை, சோதனை மூடிகளை மெக்கானிக் மேற்பார்வையில் ஓனரே கழட்டி மாட்டிக் கொடுத்தா லேபர் மணி நேரம் குறையும். சில ஒர்க்‌ஷாப்ல ஒத்துக்க மாட்டாங்க, முதல்லயே கேட்டுக்கணும்.

இந்தக் கணக்கோட எக்செல் ஷீட் வீடியோவுக்குக் கீழே இருக்கு. முதல் காலம் மணி நேரம், ரெண்டாவது வருஷம், மூணாவது ரெண்டில் பெரியது. பைக்குக்குப் போடுறவங்க மணி நேரத்துக்குப் பதிலா கிலோமீட்டர் போட்டுக்கோங்க. டயர், பேட்டரி, செயின் செட், இன்சூரன்ஸ் நாலுக்கும் தனித்தனி வரி விட்டிருக்கேன்.