குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினால் கேஸ் உண்டா?

இரவு பத்து மணி. டாஸ்மாக் ஷட்டர் இறங்கும் நேரம். தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் பேரிகார்டு போட்டு போலீஸார் நிற்கிறார்கள். பைக்குகளை ஒவ்வொன்றாக ஓரங்கட்டி, 'ஊதுங்க சார்' என்கிறார்கள். அந்த வழியாக ஒருவர் லேசாக ஆடியபடி சைக்கிளில் கடந்து போகிறார். அவரை யாரும் நிறுத்தவில்லை.

'சைக்கிளுக்கு ஏது மாப்ளே கேஸ்?' என்று டீக்கடையில் பேசிக்கொள்வது உண்மைதானா? டி.வி.எஸ் 50, இ-ஸ்கூட்டர், மீன்பாடி வண்டிக்கெல்லாம் என்ன கணக்கு?

'மோட்டார்' என்ற ஒரு வார்த்தை

மது அருந்திவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் மீது பாய்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை சிக்கினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை சிறை. ஓட்டினால் மட்டுமல்ல, ஓட்ட முயன்றாலே குற்றம்தான்.

ஆனால், இந்தப் பிரிவு பேசுவது மோட்டார் வாகனத்தைப் பற்றி மட்டுமே. காலால் மிதிக்கும் சைக்கிள் அதில் வராது. டீக்கடைப் பேச்சு அந்த அளவுக்குச் சரி.

எந்த வண்டி உள்ளே, எது வெளியே?

டி.வி.எஸ் 50: 'சின்ன வண்டிதானே' என்று நினைக்க வேண்டாம். நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டிகளில் 25 சி.சி-க்கு மிகாத எஞ்சினுக்கு மட்டுமே விலக்கு. எனவே மொபெட்டும் பைக்கும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

மீன்பாடி வண்டி: பழைய பைக் எஞ்சினைப் பொருத்திய மூன்று சக்கர வண்டியும் மோட்டார் வாகனம்தான். பதிவு இல்லை, ஆர்.சி. இல்லை என்பதெல்லாம் தனிக் கேஸ்.

இ-ஸ்கூட்டர்: மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால், அது மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸும் வேண்டாம், 185-ம் பாயாது. அதைத் தாண்டிய வேகத்தில் பறக்கும் இ-ஸ்கூட்டர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்: குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. இதை வைத்துத்தான், போதையில் ஓட்டுபவருடன் பயணிப்பவர் மீதும் வழக்கு என்று சென்னைப் போக்குவரத்து போலீஸார் 2022 அக்டோபரில் அறிவித்தார்கள்.

சைக்கிள்காரர் தப்பிவிட்டாரா?

இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு மோட்டார் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எந்த வாகனமானாலும், அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுச் சாலையில் ஓட்டினால் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோதியதில் ஒருவர் இறந்துவிட்டால், 106-வது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் 355-வது பிரிவு தனியாக இருக்கிறது. பழைய சட்டத்தில் இதற்கு அபராதம் வெறும் 10 ரூபாய். இப்போது 1,000 ரூபாய் வரை!

வெளிநாடுகள் இன்னும் கறார். போதையில் சைக்கிள் ஓட்டுபவருக்கான தண்டனையை ஜப்பான் 2024 நவம்பரில் கடுமையாக்கியது. 3 ஆண்டு வரை சிறைக்குப் போகலாம். சைக்கிள் ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே மது கொடுத்தவரும் தப்ப முடியாது. பிரிட்டனில் 1872-லேயே குதிரை, மாடு, வண்டி, நீராவி எஞ்சின் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. பின்னாளில் 'சைக்கிளும் வண்டிதான்' என்று தீர்ப்பானது. அதில் சிக்கியவர் சைக்கிளை ஓட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு போனார்!

வீட்டுக்கு வரும் நஷ்டம்

கேஸை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. போதையில் நடந்த விபத்துக்குப் பெரும்பாலான தனிநபர் விபத்து பாலிசிகள் பணம் தருவதில்லை. ஓட்டியது பைக்கா, சைக்கிளா என்பது அங்கே கேள்வியே இல்லை. பஸ்ஸும் லாரியும் விரையும் ஜி.எஸ்.டி. சாலையில், பின்விளக்கோ ஹெல்மெட்டோ இல்லாத சைக்கிளில் தடுமாறுபவரை போலீஸ் விட்டுவிடலாம். பின்னால் வரும் லாரிக்கு அவர் கண்ணில் பட வேண்டுமே! அவர் விழுந்தால், ஆஸ்பத்திரிச் செலவும் அடுத்த மாத வாடகையும் வீட்டில் இருப்பவர்கள் தலையில்தான்.

ஆட்டோவுக்கு ஆகும் 200, 300 ரூபாய் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பைக் சாவியை வாங்கி வைக்கும் வீடுகளில், அன்று ராத்திரி சைக்கிள் சாவியையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.