இந்த ஒரு பந்து

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி ரமணாசிரமம் அமைந்திருக்கும் பகுதி, மன அமைதியை நாடிப் பல நாட்டு மக்களும் வந்து தங்கும் இடமாகும். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று பதினாறு வயதுச் சிறுவனாக இம்மலையடிவாரத்தை வந்தடைந்த வேங்கடராமன், மதுரையில் பள்ளியில் படித்த காலத்தில் கால்பந்திலும் மற்போரிலும் நீச்சலிலும் பெருவிருப்பம் கொண்டிருந்தவர் என்பதைப் பலர் அறியார். ரமண மகரிஷி என்று பின்னாளில் உலகம் அறிந்த அவர், மௌனத்தையே தம் முதன்மையான போதனையாகக் கொண்டு 1950-இல் மறைந்தார்.

இன்று அதே பகுதியின் தெருக்களிலும் வெற்று மனைகளிலும், விடுமுறை நாள் தவறாமல், சிறுவர்கள் மட்டையும் டென்னிஸ் பந்துமாகக் கிரிக்கெட் ஆடுகின்றனர். மதிலுக்கு உள்ளே கண்மூடி அமர்ந்திருப்போரும், மதிலுக்கு வெளியே மட்டையை ஊன்றி நிற்கும் சிறுவனும் ஒரே பகைவனோடுதான் போராடுகின்றனர். அலைபாயும் மனமே அப்பகைவன்.

ஆன்மீக இதழில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பந்தயத்தில் ஓடுபவனையும் குத்துச்சண்டை வீரனையும் காட்டியே கிறிஸ்தவ வாழ்வின் கட்டுப்பாட்டை விளக்கினார். கொரிந்து நகருக்கு அருகிலேயே புகழ்பெற்ற விளையாட்டு விழாக்கள் நடந்து வந்தன. தம் மக்கள் எதைக் கண்டு களித்தார்களோ, அதையே அவர் பாடமாக்கினார். நம் பிள்ளைகளின் உள்ளத்தில் கிரிக்கெட் பெற்றிருக்கும் இடத்தை அறிந்த நாமும் அவ்வாறு செய்வதில் தவறில்லை.

ஐந்தேகால் மணி நேரம்

முதலில் ஒரு சிறு கணக்கு. டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளுக்கு 90 ஓவர்கள். அதாவது 540 பந்துகள். ஒரு பந்து வீசப்பட்டு ஆட்டம் அடங்குவதற்குச் சராசரியாக 5 விநாடி என்று கொண்டால், மொத்தம் 2,700 விநாடி. அதாவது 45 நிமிடம். ஆட்ட நேரமோ ஆறு மணி. எஞ்சிய ஐந்தேகால் மணி நேரம் வெறும் காத்திருப்பு! கையும் காலும் ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் மனம் தன் வேலையைத் தொடங்குகிறது. ‘போன பந்தைத் தவற விட்டேனே’ என்று ஒரு குரல். ‘அடுத்த பந்தில் ஆட்டமிழந்தால் அப்பா என்ன சொல்வார்?’ என்று மற்றொரு குரல்.

இக்குரல்கள் செய்யும் தீங்கு சிறிதன்று. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, வீசுபவரின் கையை விட்டு ஆடுபவரை அடைய ஏறத்தாழ அரை விநாடியே ஆகும். ஆலோசனைக்கு அங்கே இடமில்லை. கண் காண வேண்டும். பழகிய உடல் தானே இயங்க வேண்டும். மனம் சென்ற பந்திலோ வரப்போகும் பந்திலோ சிக்கிக் கிடந்தால், கண் எதிரே இருந்தும் காணாது. ஆகவே கிரிக்கெட்டுக்கு வேண்டிய மனப்பயிற்சி அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம்: சென்ற பந்து நம்முடையதன்று, வரும் பந்தும் நம்முடையதன்று, இந்த ஒரு பந்தே நம்முடையது.

சிட்னியில் ஒலித்த தமிழ்

இது வெறும் தத்துவம் அன்று என்பதற்கு 2021-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் சான்று. சிட்னி நகரில் நடைபெற்ற டெஸ்ட் ஆட்டத்தின் இறுதி நாள் அது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் அடிலெய்டில் இந்திய அணி 36 ஓட்டங்களுக்குள் சுருண்டிருந்தது. சிட்னியில் வெற்றிக்கு வேண்டியிருந்தவை 407 ஓட்டங்கள். ஐந்தாவது விக்கெட் 272-இல் வீழ்ந்தபோது களத்தில் இருந்தவர்கள் இருவர்: தொடைத் தசை கிழிந்து ஓட இயலாத அனுமா விகாரி, கடும் முதுகு வலியோடு மட்டை பிடித்த நம் சென்னை இளைஞர் இரவிச்சந்திரன் அசுவின். சாந்தோமில் உள்ள புனித பீட் பள்ளியில் பயின்றவர் இவர்.

நாற்பது ஓவர்களுக்கு மேலாக இருவரும் நின்றனர். உடலில் பந்து பட்டது, நின்றனர். ஓட முடியவில்லை, நின்றனர். விகாரி 161 பந்துகளில் 23 ஓட்டங்களும், அசுவின் 128 பந்துகளில் 39 ஓட்டங்களும் எடுத்து ஆட்டமிழக்காதிருக்க, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இறுதிக் கட்டத்தில் அசுவின் விகாரியிடம் தமிழில் பேசியதை ஸ்டம்பில் பொருத்தப்பட்டிருந்த ஒலிவாங்கி உலகுக்கெல்லாம் கேட்கச் செய்தது. இன்னும் நாற்பது பந்துகள்தாம். பத்துப் பத்தாக ஆடிக் கடந்துவிடுவோம் என்பதே அப்பேச்சின் சாரம்.

நாற்பதைக் கண்டு அஞ்சும் மனம் பத்தைக் கண்டு அஞ்சாது. பத்தைக் கண்டு தயங்கினாலும் ஒன்றைக் கண்டு தயங்காது. பெருஞ்சுமையைச் சிறு கட்டுகளாக்கித் தூக்குவது நம் உழவர்கள் நெடுங்காலமாய் அறிந்த வழி. அன்றாட அப்பத்தை அன்றன்றைக்குக் கேட்குமாறு ஆண்டவர் நமக்குக் கற்றுத் தந்ததும் இவ்வழியையே அல்லவா?

தவறியபின் எழுவது

இந்த ஒரு பந்தில் மனத்தை நிறுத்துவது ஆட்டம் நன்றாகச் செல்லும்போது எளிது. தவறியபின் நிறுத்துவதே கடினம். 1998-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை சேப்பாக்கத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஆசுதிரேலியாவின் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னை எதிர்கொள்ள, சச்சின் தெண்டுல்கர் முன்னதாகவே பயிற்சியில் இறங்கினார். ஆடுகளத்தில் வேண்டுமென்றே கரடாக்கப்பட்ட பகுதியில் பந்தை ஊன்றி வீசுமாறு தமிழ்நாட்டின் எல். சிவராமகிருஷ்ணனைக் கேட்டுக்கொண்டு பழகினார். இவ்வளவு உழைத்தும் முதல் இன்னிங்சில் அவர் எடுத்தவை நான்கே ஓட்டங்கள். வீழ்த்தியவர் அதே வார்ன்!

உழைப்பு வீணாயிற்று என்று சோர்ந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவர் பயிற்சியையும் கைவிடவில்லை, நம்பிக்கையையும் கைவிடவில்லை. இரண்டாம் இன்னிங்சில் ஆட்டமிழக்காமல் 155 ஓட்டங்கள் எடுத்தார்; இந்தியா 179 ஓட்டங்களில் வென்றது. செய்த பயிற்சி உடலில் தங்கியிருக்கிறது. ஒரு தோல்வி அதை அழித்துவிடுவதில்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் எளிய குடும்பத்தில் பிறந்த த. நடராசனின் வாழ்வும் இதையே கூறுகிறது. 2015-இல் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் அவர் அடியெடுத்து வைத்த உடனே, அவர் பந்து வீசும் முறை விதிக்கு ஒத்ததன்று என்ற ஐயம் எழுந்தது. வாயில் திறந்த அன்றே மூடியது போன்ற நிலை. அவர் பொறுமையோடு தம் வீச்சு முறையைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தார். 2020-இன் இறுதியில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆசுதிரேலியா சென்றவர், அந்த ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அந்தச் சிறப்பை அடைந்த முதல் இந்தியர் அவரே. தம்மை வளர்த்த ஊர் வழிகாட்டியின் பெயரின் முதலெழுத்துகளைத் தம் சட்டையில் பொறித்துக்கொண்டார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. தாங்கிப் பிடித்த ஒரு கை இருந்ததால்தான் தவறியவர் எழ முடிந்தது.

பிள்ளைகளுக்குச் சில பயிற்சிகள்

இம்மனப்பயிற்சிக்குப் பணம் வேண்டியதில்லை. நம் சிறுவர் சிறுமியர் இன்றே தொடங்கலாம்.

முதலாவது, மூச்சு. பந்து வீசுபவர் திரும்பி நடக்கும்போது, மூச்சை இயல்பாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். படபடக்கும் நெஞ்சு சற்றே அடங்கும்.

இரண்டாவது, ஓய்வு. ஒவ்வொரு பந்துக்கும் பின் கண்ணைச் சற்றுத் தொலைவில் உள்ள மரத்தின் மீதோ மலையின் மீதோ செலுத்தி, மனத்தைத் தளர விட வேண்டும். இடைவிடாமல் ஒருமுகப்பட்டிருக்க எவராலும் இயலாது. விளக்கைத் தேவைப்படும்போது ஏற்றி, மற்ற நேரம் தணித்து வைப்பது போன்றது இது.

மூன்றாவது, ஒரு சொல். ‘பந்தைப் பார்’ என்பது போன்ற எளிய சொல்லொன்றைத் தேர்ந்து, பந்து வீசப்படும் முன் ஒவ்வொரு முறையும் மனத்துள் சொல்ல வேண்டும். பிரிந்து சென்ற எண்ணம் அச்சொல்லின் ஒலி கேட்டு வீடு திரும்பும்.

நான்காவது, இரவில் ஐந்து நிமிட ஆத்தும சோதனை. புனித இஞ்ஞாசியார் கற்பித்த முறை நமக்குப் புதிதன்று. இன்று நன்றாக அமைந்தது எது என்று கண்டு முதலில் நன்றி கூற வேண்டும். பின்னர்த் தவறியது எது என்று பார்க்க வேண்டும். நாளை திருத்த வேண்டிய ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை இறைவன் கையில் ஒப்படைத்து உறங்க வேண்டும். தவற்றை மட்டும் எண்ணி எண்ணிக் கிடப்பது ஆத்தும சோதனை ஆகாது. அது ஆத்தும வதை.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். செபம் என்பது வெற்றிக்கான மந்திரம் அன்று. எதிரணிச் சிறுவனும் செபிக்கிறான். அவனும் இறைவனின் பிள்ளையே. வெற்றியையும் தோல்வியையும் நிமிர்ந்து ஏற்கும் உள்ளத்தைக் கேட்பதே விளையாட்டு வீரனின் செபம்.

பெற்றோரின் பங்கு

இத்தனைப் பயிற்சிகளையும் ஒரே நொடியில் வீணாக்கக் கூடிய ஓர் இடம் உண்டு. அது வீடு.

பங்குத் திருவிழாவை ஒட்டி நடந்த ஓர் ஆட்டத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எளிய கேட்ச் ஒன்றைத் தவற விட்டதை நாம் கண்டோம். அவன் தந்தை எல்லார் முன்னிலையிலும் அவனை ஏசினார். அதன்பின் வந்த இரண்டு பந்துகளையும் அச்சிறுவன் தவற விட்டான். கண் பந்தின் மேல் இல்லை. எல்லைக்கோட்டருகே நின்ற தந்தையின் மேல் இருந்தது. அடுத்த சில வாரங்கள் அவன் ஆட்டத்திற்கும் வரவில்லை, ஞானோபதேச வகுப்புக்கும் வரவில்லை. தந்தை தீயவர் அல்லர். மகன் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் தான் எடுக்கும் ஓட்டங்களுக்கு ஏற்பவே அன்பு கிடைக்கும் என்று மகன் எண்ணிவிட்டான். அந்த அச்சத்தைச் சுமக்கும் பிள்ளையால் இந்த ஒரு பந்தைப் பார்க்க இயலாது.

இதற்கு நேர்மாறான காட்சியை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று நவி மும்பையில் உலகம் கண்டது. மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆசுதிரேலியா வைத்த 339 ஓட்ட இலக்கை நோக்கி, மும்பையைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண் ஜெமிமா ரொட்ரிகஸ் ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்து இந்தியாவை வெற்றி பெறச் செய்தார். அதே போட்டியின் நடுவில் அவர் ஓர் ஆட்டத்திற்கு அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். வெற்றிக்குப் பின் அவர் மறைக்காமல் கூறியது நம் பெற்றோர் அனைவரும் கேட்க வேண்டியது: கடும் மனப் பதற்றத்தால் தவித்ததையும், தாயைத் தொலைபேசியில் அழைத்து அழுததையும், குடும்பமும் தோழியரும் தாங்கியதையும் கூறி, இயேசுவுக்கு நன்றி செலுத்தினார். நவம்பர் 2-ஆம் நாள் இந்திய மகளிர் உலகக் கோப்பையை வென்றனர். அழுவதற்கு ஒரு மடி இருந்தது. ஆகவே நிற்பதற்குக் காலில் வலு இருந்தது.

மனச்சோர்வு விசுவாசக் குறைவும் அன்று, கோழைத்தனமும் அன்று. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போலவே இதற்கும் செல்ல வேண்டும். பிள்ளை உறக்கமின்றி, உணவின்றி, எதிலும் நாட்டமின்றி வாரக்கணக்கில் இருந்தால் காத்திராதீர்கள். 14416 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

தோற்றவரை எவ்வாறு வரவேற்பது என்பதைத் தமிழ் மக்கள் அறியாதவர் அல்லர். 1999 சனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், முதுகு வலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த தெண்டுல்கர் வீழ்ந்தபின், இந்தியா 12 ஓட்டங்களில் பாகிசுதானிடம் தோற்றது. அரங்கில் இருந்தோர் எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டினர். பாகிசுதான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த வாழ்த்தை ஏற்றனர். பகைவர் என்று கருதப்பட்டோருக்கே அத்தனைப் பெருந்தன்மை காட்டிய நாம், ஓட்டம் ஏதும் எடுக்காமல் வாடிய முகத்தோடு வீடு திரும்பும் சொந்தப் பிள்ளைக்கு அதில் ஒரு பங்கேனும் காட்டலாகாதா?

ஆகவே பெற்றோரே, பிள்ளை ஆடிவிட்டு வந்ததும் ‘எத்தனை ஓட்டம்?’ என்பதை முதல் கேள்வியாக்காதீர்கள். கை கால் கழுவச் சொல்லி, உணவிட்டு, அருகில் அமருங்கள். அவனாகவோ அவளாகவோ பேசட்டும். எண்ணிக்கையைக் கேளாமலே ஏற்றுக்கொள்ளப்படும் பிள்ளை மறுநாள் அச்சமின்றி மட்டையைப் பிடிக்கும். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது, கணக்குக் கேளாமல் ஓடிச்சென்று தழுவிய அந்தத் தந்தையைப் பற்றி நமக்குச் சொன்னவர் இயேசுவே. நம் இல்லங்கள் அத்தந்தையின் இல்லம் போல் விளங்குவனவாக.